230 வோல்ட்டில் எல்இடி: 3 வோல்ட்தானே என்று தொட்டுவிடாதீர்கள்

பளிச்சென்று எரியும் ஒரு வெள்ளை எல்இடிக்கு சுமார் 3 வோல்ட் போதும். வீட்டு பிளக்கில் வருவதோ 230 வோல்ட், அதன் உச்சம் 325 வோல்ட்டைத் தொடும். நடுவில் ஒரு கெப்பாசிட்டரும் நான்கு டயோடும் போட்டு எரிய வைக்கும் சர்க்யூட்டைப் பலர் செய்து பார்க்கிறார்கள். எரியவும் செய்கிறது. அதைப் பார்த்ததும் "எல்இடியில் 3 வோல்ட்தானே, தொட்டால் என்ன?" என்று தோன்றும் பாருங்கள், அந்த எண்ணம்தான் ஆபத்து.

அந்த 3 வோல்ட், எல்இடியின் இரண்டு கால்களுக்கு நடுவே இருப்பது. தரையில் நிற்கும் உங்களுக்கும் எல்இடிக்கும் நடுவே இருப்பது வேறு கணக்கு. கெப்பாசிட்டர் மின்னோட்டத்தை மட்டுப்படுத்துமே தவிர, சர்க்யூட்டை மெயின் லைனிலிருந்து பிரித்துவிடாது. இரண்டு பின் பிளக்கைத் திருப்பிச் செருகினால் நியூட்ரல் என்று நினைத்த வயரில் பேஸ் வரும். கெப்பாசிட்டர் மறுபக்கம் போய்விடும். அப்போது எல்இடியின் காலைத் தொடுவதும் பேஸ் வயரைத் தொடுவதும் ஒன்றுதான். ஆகவே இந்த சர்க்யூட்டைத் திறந்தபடி ஓடவிடாதீர்கள். முழுக்க மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கட்டும். வீட்டில் ஆர்சிசிபி (மின்சாரம் தரைக்குக் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறது என்ற தைரியமும் வேண்டாம்: ஒரே ஆளின் இரு கைகள் பேஸையும் நியூட்ரலையும் பிடித்தால் அது டிரிப் ஆகாது.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும், பின்னைத் தொட்டால் ஷாக் அடிக்கும். அதற்காகத்தான் அதன் குறுக்கே 1 மெகாஓம் ரெசிஸ்டர் போடுகிறோம். எல்இடி எரிவதற்கு அது தேவையில்லை என்பதால் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். கெப்பாசிட்டரும் கையில் கிடைத்த 400 வோல்ட் டிசி ரகமாக இருக்கக்கூடாது. மெயின் லைனில் போடுவதற்கென்றே வரும், ‘எக்ஸ்2’, ‘275 வோல்ட் ஏசி’ என்று அச்சிட்டதைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண ரகம் ஷார்ட் ஆனால் மெயின் மின்சாரம் நேராக உள்ளே பாயும். சுவிட்ச் போடும் நொடியில் பாயும் மின்னோட்டத்தைத் தாங்க வரிசையில் 100 ஓம் ஃபியூசபிள் ரெசிஸ்டர் (மின்னோட்டம் மீறினால் ஃபியூஸ் போல அறுந்துவிடும் ரகம்) ஒன்றும் வேண்டும்.

அந்த நான்கு டயோடு சேர்ந்த பிரிட்ஜுக்குப் பதில் ஒரே ஒரு டயோடை எல்இடியோடு வரிசையில் போடுவது இன்னொரு தவறு. கெப்பாசிட்டர் ஒரு முறை நிரம்பியதும் மின்னோட்டம் நின்றுவிடும். டயோடே இல்லாவிட்டால் இன்னும் மோசம், பெரும்பாலான எல்இடிகள் தலைகீழாக 5 வோல்ட்தான் தாங்கும்.

சரி, கெப்பாசிட்டரே வேண்டாம், வெறும் ரெசிஸ்டர் போடலாமா? 20 மில்லிஆம்பியர் எல்இடிக்குக் கூட சுமார் 11 கிலோஓம் தேவை, அது நாலரை வாட் சூட்டைக் கக்கும். எல்இடி எடுப்பது 0.06 வாட்.

மேலே சொன்ன கெப்பாசிட்டர் முறை சின்ன எல்இடிகளுக்கு மட்டும்தான். 0.22 மைக்ரோஃபாரட் போட்டால் சுமார் 14 மில்லிஆம்பியர் கிடைக்கும். 350 மில்லிஆம்பியர் கேட்கும் 1 வாட் எல்இடிக்கு 5 மைக்ரோஃபாரடுக்கு மேல் வேண்டும். அந்த 100 ஓம் ரெசிஸ்டரே 15 வாட் சூடாகும். 1 வாட் எல்இடிக்கு ஐசொலேஷன் உள்ள, அதாவது மெயின் லைனிலிருந்து பிரிக்கப்பட்ட, எல்இடி டிரைவர்தான் (எல்இடிக்கு வேண்டிய மின்னோட்டத்தைத் தரும் சர்க்யூட்) சரி. இல்லையென்றால் தரமான 5 வோல்ட் மொபைல் சார்ஜரும், 5.1 ஓம் 2 வாட் ரெசிஸ்டரும் போதும். கையில் தொட்டு, சோதித்துக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு நான் சொல்வது இந்த சார்ஜர் வழியைத்தான்.

எந்த வழியானாலும் 1 வாட் எல்இடியை ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) இல்லாமல் எரிக்காதீர்கள். டிரைவர் வாங்கினால், முதலில் எல்இடியை இணைத்துவிட்டு அப்புறம் சுவிட்ச் போடுங்கள். டிரைவரை ஓடவிட்டு வயரைத் தொடுத்தால், அதன் அவுட்புட் கெப்பாசிட்டரில் ஏறி நிற்கும் வோல்டேஜ் ஒரே நொடியில் எல்இடியைக் கருக்கிவிடலாம்.