ஊழியமா, தொழிலா? தையல் கூடம் தொடங்கும் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு தங்கை எங்கள் தையல் கூடத்துக்கு வந்தாள். சொந்தமாகத் தொடங்கப் போகிறாளாம், யோசனை கேட்க வந்திருந்தாள். கையில் ஒரு நோட்டு. முதல் பக்கத்தில் நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்துக் குணசாலியான பெண். இரண்டாம் பக்கத்தில் நிறுவனத்தின் பெயர், கீழே புறா படம். மூன்றாம் பக்கத்தில் முதல் வருடம் எத்தனை விதவைகளுக்கு வாழ்வு கொடுக்கப் போகிறாள் என்ற எண்ணிக்கை. ஒரு கவுனுக்கு எவ்வளவு துணி செல்லும், தைக்க எத்தனை மணி நேரம் ஆகும், தைப்பவளுக்கு என்ன கூலி? அந்தப் பக்கத்தைத் தேடினேன், இல்லை. கேட்டதற்கு, "அக்கா, இது ஊழியம். லாபத்துக்காகச் செய்யவில்லை. பெண்கள் தன்னம்பிக்கையோடு நிற்க வேண்டும், அவ்வளவுதான்" என்றாள்.

பதினான்கு வருடத்துக்கு முன்னால் இதே வார்த்தைகளை நானும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு நாகர்கோவிலில் இரண்டு மிஷினோடு தொடங்கிய கூடம் இது. இப்போது ஒன்பது பெண்கள். ஞானஸ்நானக் கவுன், திடப்படுத்தலுக்கு வெள்ளை உடை, முதன்முறை நற்கருணை வாங்கும் பிள்ளைகளுக்குப் புதுநன்மை உடை, பீடத் துணி, அதன் ஓரத்துக்குக் குரோஷா பின்னல், இவைதான் எங்கள் வேலை. தரம் வேண்டும், சொன்ன நாளில் கொடுக்க வேண்டும், வாடிக்கையாளரிடம் சிரித்துப் பேச வேண்டும் என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

கூலியை அன்பளிப்பு ஆக்குவது

முதல் இரண்டு வருடமும் சனிக்கிழமை மாலை வேலை முடிந்ததும் ஒரு பாட்டு, ஒரு வசனம், ஜெபம். ஜெபம் முடிந்ததும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கவர். கவரின்மேல் வசனத்தை நானே எழுதுவேன். உள்ளே, அந்த வாரம் எனக்கு வந்ததில் என் மனதுக்குப் பட்ட ஒரு தொகை. கஷ்டம் அதிகமான வீட்டுக்குக் கொஞ்சம் கூடுதல், கணவன் ஒழுங்காக வேலைக்குப் போகும் வீட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அதைக் கருணை என்று நினைத்தேன். அவர்கள் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார்கள். ஒருத்திகூட என் முன்னால் பிரித்து எண்ணியதில்லை. என்மேல் எவ்வளவு நம்பிக்கை என்று பூரித்துப்போவேன். மடத்தனம்.

அப்போது எங்களிடம் ஓர் அக்கா இருந்தார். குரோஷா ஊசியை எடுத்தால் அவருக்கு இணை கிடையாது. பீடத் துணியின் ஓரத்தில் அவர் பின்னும் திராட்சைக் குலைகள் எல்லாம் ஒரே அளவில் இருக்கும். நூல் தீர்ந்து புது நூல் சேர்த்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. விசாரித்தால், அண்டி ஆபீசில் சேர்ந்துவிட்டாராம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: குமரி மாவட்டத்தில் முந்திரி ஆலைக்கு அதுதான் பெயர். கொட்டையின் தோட்டிலிருந்து வரும் எண்ணெய் விரல் தோலைப் பொசுக்கிவிடும், கறுப்பு லேசில் போகாது. வெள்ளை நூல் பின்னுகிற விரல்களுக்கா இந்தக் கதி என்று தாங்காமல் அவர் வீட்டுக்கே போனேன்.

கறுப்புத் தேநீர் தந்தார். பிறகு சொன்னார்: "டீச்சர், அங்கே கிலோவுக்கு இவ்வளவு என்று இருக்கிறது. இன்றைக்கு எத்தனை கிலோ உடைத்தேன் என்று எனக்கே தெரியும். சனிக்கிழமை குறைந்தால் கேட்பேன், சண்டையும் போடுவேன். உங்களிடம் எப்படிக் கேட்பது? ஜெபம் பண்ணிக் கையில் கொடுப்பதைப் போதாது என்று சொன்னால் கர்த்தருக்கு முன்பாகக் குறை சொன்னது மாதிரி ஆகிவிடாதா? இந்த வாரம் என்ன வரும் என்று தெரியாமல் ஒரு சீட்டுகூடச் சேர முடியவில்லை."

திரும்பி வரும்போது பஸ்ஸில் கணக்குப் போட்டேன். அந்த அக்கா கடைசியாக முடித்த பீடத் துணியை 1,500 ரூபாய்க்குக் கொடுத்திருந்தேன். துணி, நூல் 620. பின்ன 26 மணி நேரம் ஆனதாக அவரே ஒருமுறை பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். கவரில் நான் வைத்தது 500. மணிக்கு இருபது ரூபாய்கூட வரவில்லை. அதற்குமேல் ஒரு வசனமும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்!

அந்த வாரம் முழுவதும் எனக்கு ஆத்திரம், முதலில் அவர்மேல், பிறகு என்மேல். இத்தனைக்கும் நான் பிறந்து வளர்ந்த ஊரின் சரித்திரமே இதைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் 1820களின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் பெண் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். எங்கள் பாட்டி காலத்தில் அதற்கு ரேந்தை என்று பெயர். திண்டு போன்ற தலையணைமேல் மாதிரிப் படத்தை வைத்து, குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சின்னச் சின்ன மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. அந்தப் பிள்ளைகளில் சிலர் அடிமைகள். நாகர்கோவில் அன்று இருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். அதற்கு முன்பே, லேஸ் பின்னிச் சம்பாதித்த பணத்தைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் இங்கே இருந்தார்கள். நாகர்கோவிலில் இந்தக் கதையை மேடையில் சொல்லாத ஆண்டு விழாவே கிடையாது. நானும் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண் மீட்புத் தொகையை எண்ணி வைத்தாள் என்றால், தனக்கு இவ்வளவு சேர்ந்திருக்கிறது, இன்னும் இவ்வளவு வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும் அல்லவா? இத்தனை வருடம் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு செய்தது இதுதான். ஒவ்வொரு வேலைக்கும் கடிகாரத்தை வைத்து நேரம் எடுத்தோம். எல்லாரிலும் வேகமான கையின் நேரத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது, நடுத்தரமான கையின் நேரத்தை எடுக்க வேண்டும். மணிக்கு இவ்வளவு என்று முதலில் முடிவு செய்து, அதிலிருந்து உருப்படிக் கூலியை வகுத்தோம். கவுன் பாவாடை இவ்வளவு, கை இவ்வளவு, கழுத்து இவ்வளவு, குரோஷா ஓரம் மீட்டருக்கு இவ்வளவு என்று கரும்பலகையில் எழுதி, வாசலிலிருந்து பார்த்தாலே தெரியும்படி மாட்டினோம். அவரவர் நோட்டில் அவரவர் கையெழுத்தில் கணக்கு. சனிக்கிழமை பணம் முதலில், ஜெபம் பிறகு. பணத்தை மேசைமேல் வைத்து, எண்ணிப் பார்த்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான் பாட்டுப் புத்தகத்தைத் திறப்போம். கஷ்டப்படுகிறவளுக்கு உதவி உண்டு. அது என் சொந்தப் பையிலிருந்து, வேறொரு நாளில்.

விலையை ஏற்ற வேண்டி வந்தது. பீடத் துணி 2,400 ஆயிற்று. சில சபைகள் போய்விட்டன. "ஊழியம் என்று சொன்னீர்களே" என்று ஒரு பெரியவர் முகத்துக்கு நேராகவே கேட்டார். வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன் என்பது லூக்கா 10ஆம் அதிகாரத்தில் இருக்கிறது என்றேன். அவர் அதை எதிர்பார்க்கவில்லை.

எட்டு மாதம் கழித்து அந்த அக்கா திரும்பி வந்தார். விரல் நுனியில் கறுப்பு முழுவதும் போகவில்லை, முதல் இரண்டு வாரம் கையுறை போட்டுக்கொண்டு இருட்டு நிற நூலில்தான் பின்னினார். மூன்றாம் வாரம் பலகைக்கு முன்னால் போய் இடுப்பில் கை வைத்து நின்றார். "டீச்சர், வட்டக் கழுத்துக்கு இந்தக் கூலி கட்டுப்படி ஆகாது. ஓரம் திரும்புகிற இடத்தில் ஒவ்வொரு கண்ணியாகக் குறைக்க வேண்டியிருக்கிறது. நேரம் எடுத்துப் பாருங்கள்" என்றார். எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அன்று அழித்து எழுதிய எண் ஒரு வருடம் பலகையில் இருந்தது. தன்னம்பிக்கை வகுப்பு என்று ஆள் கூட்டி நான் நடத்திய கூட்டங்களில் ஒருநாளும் யாரும் இடுப்பில் கை வைத்து நின்றதில்லை.

இத்தனையும் எழுதிய பிறகும் யாராவது கவரோடு வருவார்கள். அதுதான் எரிச்சல்.

சபைக்குக் கடன்

சபையின் கமிட்டி மாறும். புதிய பொருளாளர், "அது பழைய கமிட்டி எடுத்தது" என்பார். பாதிப் பணம் வராமல் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள்.

பெண்களின் பெயரில் கடன் வாங்கி மிஷின் வாங்குவது

வேண்டவே வேண்டாம்.

ஜெபத்தை வருகைப் பதிவேடு ஆக்குவது

எங்களிடம் இரண்டு பெண்கள் இந்துக்கள், ஒருத்தி முஸ்லிம். காலை ஜெபம் ஒன்பதரைக்கு. ஆரம்பத்தில், அதற்கு வராதவர்களைத் தாமதமாக வந்தவர்களாக எழுதிக்கொண்டிருந்தேன். முஸ்லிம் தங்கை மூன்று மாதம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள், பக்தி என்று நினைத்தேன். பஸ்ஸுக்குச் சீக்கிரம் கிளம்ப முடியாத நாளிலும் அரைக் கூலி போய்விடுமோ என்ற பயம் அவளுக்கு. இப்போது வேலை தொடங்குவது பத்து மணிக்கு. அதற்கு முன் வருகிறவர்கள் வரலாம், வராதவர்கள் வீட்டில் தோசை சுட்டுவிட்டு வரலாம். உங்கள் விசுவாசம் உங்கள் விலைச்சீட்டிலும் தையலிலும் தெரிந்தால் போதும்.

ஒரே பருவத்தை நம்புவது

கிறிஸ்துமஸ் ஒன்று, ஏப்ரல், மே மாதத்துப் புதுநன்மை ஒன்று. நடுவில் ஆறு மாதம் மிஷின் தூங்கும், வாடகை தூங்காது. நாங்கள் பள்ளிச் சீருடையும் நைட்டியும் தைக்கிறோம். பீடத் துணி தைத்த கையால் நைட்டியா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. குணசாலியான பெண்ணும் துணி நெய்து விற்றவள்தான். அந்த அதிகாரத்தை மாட்டி வைப்பவர்கள் 18ஆம் வசனத்தையும் 24ஆம் வசனத்தையும் படிப்பதில்லை, இரண்டும் வியாபாரம் பற்றியவை.

பதிவுக்குத் தரகருக்குப் பணம் கட்டுவது

சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் 2020 ஜூலையிலிருந்து இருக்கிறது. ஆதார் எண்ணையும் பான் எண்ணையும் வைத்து அரசின் தளத்திலேயே செய்யலாம். கட்டணம் கிடையாது.

சான்றிதழ் விழா

மூன்று மாதப் பயிற்சி, மேடை, சான்றிதழ், பொன்னாடை. மறுநாள் ஆர்டர் இல்லை. முதலில் ஆர்டர் பிடியுங்கள், அதை வைத்தே கற்றுக்கொடுங்கள்.

கண்ணீர்ப் படம்

"ஆதரவற்ற பெண்களின் கைகளால்" என்று அட்டை அடித்து ஒவ்வொரு கவுனிலும் கட்டித் தொங்கவிட்ட பாவத்தை நானும் செய்தேன். ஆலய வளாகத்து விற்பனையில் எங்கள் கூடத்துப் பெண் ஒருத்தியின் மகள், பத்தாம் வகுப்புப் படிக்கிறவள், தோழிகளோடு வந்து அந்த அட்டையைப் பார்த்தாள். "அம்மா, நாம் ஆதரவற்றவர்களா?" என்று வீட்டில் கேட்டிருக்கிறாள். மிச்சம் இருந்த நானூறு அட்டைகளை அன்றே அடுப்பில் போட்டேன். இப்போது அட்டையில் இருப்பவை மூன்றுதான்: துணியின் வகை, துவைக்கும் முறை, பின்னியவரின் பெயர். பெயர் போடலாமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். அந்த அக்கா தன் பெயரை இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடச் சொன்னார்.