கப்பலில் பிள்ளைகள் கிளப்: டிக்கெட் போடும்போதே நடக்கும் தவறுகள்

கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் மாதிரி நம் கரையோர ஊர்களில், அண்ணன் துபாயில், தம்பி சிங்கப்பூரில், வாப்பாவும் உம்மாவும் ஊரில் என்று பிரிந்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். எல்லாரும் நாலு நாள் சேர்ந்திருக்க சொகுசுக் கப்பல் நல்ல ஏற்பாடுதான். நம் கரையில் ஏற வழியில்லை. பாக் நீரிணையும் ராமர் பாலத்து மணல்திட்டுகளும் ஆழம் குறைந்தவை. பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றித்தான் போகும். சென்னையிலிருந்து இலங்கைக்கு 2023 ஜூனில் கோர்டெலியா என்ற நிறுவனத்தின் கப்பல் ஓடத் தொடங்கியது. மற்றபடி சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ பறந்துபோய் ஏறுபவர்கள்தான் அதிகம். எங்கே ஏறினாலும், பிள்ளைகளை விளையாட விட்டால் கப்பல் ஆட்களே பார்த்துக்கொள்ளும் கிளப் விஷயத்தில் நாம் சறுக்கும் இடங்கள் ஒன்றேதான்.

பெரிய சறுக்கல், "பசங்க எல்லாரும் கிளப்ல ஒண்ணா இருந்துப்பாங்க" என்ற நம்பிக்கை. நம் வீடுகளில் மூன்று வயசும் பன்னிரண்டு வயசும் ஒரே திண்ணையில் விளையாடும். கப்பல் கிளப்பில் அது நடக்காது. வயதுவாரியாகத் தனித்தனி அறை, தனித்தனி ஆட்கள், தனித்தனி விளையாட்டு. எம்எஸ்சி நிறுவனத்தின் கப்பல்களில் 3 முதல் 6 வரை ஒரு பிரிவு, 7 முதல் 11, 12 முதல் 14, 15 முதல் 17 என்று அடுத்தடுத்த பிரிவுகள். அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் அழைத்துப்போகும் கார்னிவல் கப்பல்களில் 2 முதல் 5, 6 முதல் 8, 9 முதல் 11, பிறகு 12 முதல் 14, 15 முதல் 17.

இந்த எண்களைச் சும்மா படித்துவிட்டுப் போகாதீர்கள். உங்கள் பிள்ளைகளின் வயதை அதில் பொருத்திப் பாருங்கள். அக்கா மகனுக்கு 6, உங்கள் மகளுக்கு 7 என்றால் எம்எஸ்சியில் இருவரும் வேறு வேறு அறை. கார்னிவலில் ஒரே அறை. 5-ம் 6-ம் என்றால் அப்படியே தலைகீழ். 11-ம் 12-ம் இரண்டிலுமே பிரிந்துவிடும். அதனால் எத்தனை மாடிக் கப்பல், எத்தனை நீச்சல் குளம் என்று பார்ப்பதற்கு முன்னால், பிள்ளைகளின் வயதை ஒரு தாளில் எழுதி, நீங்கள் பார்க்கும் கப்பலின் பிரிவுகளோடு ஒப்பிடுங்கள். என்னைக் கேட்டால், குடும்பப் பயணத்துக்குக் கப்பலைத் தேர்ந்தெடுக்க இதைவிட முக்கியமான விஷயம் வேறில்லை. டிராவல் ஏஜென்ட் இதைத் தானாகச் சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம். அவர் கேபின் விற்பவர்.

வயதைக் கணக்கிடுவதிலும் ஒரு வம்பு இருக்கிறது. "பையனுக்கு ஏழு நடக்குது" என்று நாம் சொல்லும்போது அவனுக்கு முடிந்தது ஆறுதான். கப்பல்காரர்கள் பார்ப்பது பாஸ்போர்ட்டில் இருக்கும் பிறந்த தேதி; அதுவும் பெரும்பாலும் ஏறும் நாளில் முடிந்திருக்கும் வயது. பயணத்தின் மூன்றாம் நாள் பிறந்தநாள் வந்தாலும் பிரிவு மாறும் என்று எதிர்பார்க்காதீர்கள். புக்கிங் படிவத்தில் பெரியவர்கள் வாய்க்கு வந்த வயதைச் சொல்ல, கவுன்டரில் பிள்ளை வேறு பிரிவுக்குப் போய் அழுவது தேவையில்லாத வேலை. அங்கே போய், "ரெண்டு மாசம்தானே குறையுது, பெரிய பசங்களோட விடுங்க" என்று கெஞ்சுவதும் வீண். ஒவ்வொரு வயதுக்கும் எத்தனை பிள்ளைக்கு ஒரு ஆள் என்று கணக்கு வைத்து நடத்துகிறார்கள்.

கைக்குழந்தை இருந்தால் இன்னும் முன்னதாகவே பார்க்க வேண்டும். ராயல் கரீபியன் நிறுவனத்தின் கப்பல்களில் 6 மாதம் நிறையாத குழந்தையை ஏற்றவே மாட்டார்கள். நடுக்கடலில் அதிக நாள் போகும் நீண்ட பயணங்களுக்கு 12 மாதம் ஆகியிருக்க வேண்டும். அங்கே இலவசக் கிளப் 3 வயதிலிருந்துதான். அதற்குக் கீழே நர்சரி, மணிக்கணக்கில் காசு, இடமும் கொஞ்சம்.

மூன்று வயது நிறைந்துவிட்டால் போதும் என்று நினைப்பது அடுத்த தவறு. பல கிளப்களில் டயாபர் போட்ட பிள்ளைக்கு இடமில்லை. பாம்பர்ஸ் பேன்ட் வகையைப் போட்டு, "இது டயாபர் இல்ல, ஜட்டி மாதிரி" என்று சமாளிக்கவும் முடியாது. கார்னிவல் இதில் விதிவிலக்கு: இரண்டு வயதிலேயே சேர்த்துக்கொள்வார்கள், டயாபரும் மாற்றிவிடுவார்கள், டயாபரை நாம்தான் கொடுத்தனுப்ப வேண்டும். நம் வீடுகளில் இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. ஐந்து வயது வரை அம்மாவோ பாட்டியோ கழுவிவிடுவதுதான் வழக்கம். கிளப்பில் யாரும் கழுவிவிட மாட்டார்கள், பல இடங்களில் தண்ணீர்க் குழாயும் இருக்காது, காகிதம்தான். போதாக்குறைக்குக் கப்பல் கழிப்பறை காற்றில் இழுக்கும் வகை. பட்டனை அழுத்தினால் போடும் சத்தத்தில் சின்னப் பிள்ளை மிரண்டுவிடும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே பிள்ளை தானாகத் துடைத்துக்கொள்ளப் பழகட்டும். கேபினுக்குப் போனதும் அந்தச் சத்தத்தை நாலு முறை கேட்கவிடுங்கள். டயாபர் விதி நீச்சல் குளத்துக்கும் உண்டு: நீச்சல் டயாபர் போட்டிருந்தாலும் பல கப்பல்களில் குளத்தில் இறங்க விடமாட்டார்கள், குட்டிகளுக்கென்று இருக்கும் தண்ணீர் விளையாட்டு இடம் மட்டும்தான்.

பேச்சும் பார்க்க வேண்டும். கிளப்பில் இருப்பவர்கள் பல நாட்டு ஆட்கள், பொதுவில் ஆங்கிலம்தான். துபாயில் படிக்கும் பெரியப்பா மகள் சமாளித்துவிடுவாள். ஏர்வாடியிலோ தேவிபட்டினத்திலோ தமிழ் வழியில் படிக்கும் பையன் வாயே திறக்காமல் மூலையில் உட்கார்ந்திருப்பான். பாத்ரூம் போகணும், வயிறு வலிக்குது, அம்மாவைக் கூப்பிடுங்க. இந்த மூன்றையும் ஆங்கிலத்தில் சொல்லத் தெரிந்தால் போதும். மூன்று வார்த்தைக்காக ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் எல்லாம் வேண்டாம்.

சாப்பாடு பற்றிப் பதிவுப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். அவசரத்தில் அதைக் காலியாக விட்டுவிடுவார்கள். ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் எழுத வேண்டும். ஹலால் பார்க்கும் வீடுகளும் சைவ வீடுகளும் ஜெலட்டின் கலந்த மிட்டாயைத் தனியாகக் குறிப்பிட்டு எழுதுங்கள். கிளப்பில் பரிசாகக் கொடுப்பதில் அதுவும் இருக்கலாம். மருந்து விஷயத்தில், காய்ச்சல் சிரப்பைக் கொடுத்து "ரெண்டு மணிக்கு அஞ்சு எம்எல் குடுத்துடுங்க" என்றால் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். நீங்களே போய்க் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.

கடற்கரைப் பிள்ளைக்குக் கடல் ஒத்துக்கொள்ளாமல் போகுமா என்று ஒரு மிதப்பு நமக்கு. காரங்காட்டு அலையாத்திக் காட்டில் வனத்துறைப் படகில் போனபோது ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள். அங்கே அலையே கிடையாதே! குமட்டல் யாருக்கும் வரலாம். மருத்துவரைக் கேட்டு வயதுக்கு ஏற்ற மருந்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாந்தி எடுத்த பிள்ளையைக் கிளப்புக்குள் விடமாட்டார்கள். மூடிய இடத்தில் வயிற்றுத் தொற்று வேகமாகப் பரவும் என்பதால் அதில் கறாராக இருப்பார்கள். மறைத்து அனுப்புவது மற்ற பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

அப்புறம், அழைத்துவருவது. "மாமா அந்தப் பக்கம்தான் இருக்கார், கூட்டிட்டு வந்துருவார்" என்பது நம் ஊர் வழக்கம். கப்பலில் பதிவில் பெயர் இருப்பவர்களிடம் மட்டும்தான் பிள்ளையை ஒப்படைப்பார்கள். பாட்டி, சித்தி, மாமா என்று யார் யார் போகக்கூடும் என்பதை முதல் நாளே எழுதிக் கொடுங்கள். நம் பெயர்களில் குடும்பப் பெயர் ஒன்றுபோல இருக்காது என்பதால், பெயரைப் பார்த்து உறவை அவர்களாகப் புரிந்துகொள்ளவும் முடியாது. பதிவை ஏறிய அன்று மாலையே முடித்துவிடுவது நல்லது. கோடை விடுமுறையிலும் அரையாண்டு விடுமுறையிலும் கூட்டம் நெரியும்.

இலவசம் என்பதற்கும் எல்லை உண்டு. ராயல் கரீபியன், கார்னிவல் இரண்டிலும் இரவு 10 மணிக்கு மேல் ஒவ்வொரு பிள்ளைக்கும் மணிக்கு இவ்வளவு என்று கணக்கில் ஏறும்.

பதின்வயதுக்காரர்கள் கதை வேறு. அவர்களுடைய கிளப்பில் கையெழுத்துப் போட்டு ஒப்படைப்பதெல்லாம் இல்லை. நினைத்தபோது வருவார்கள், நினைத்தபோது போவார்கள். மகள் உள்ளேதான் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நீங்கள் தூங்கப் போய்விட்டால் அது உங்கள் கணக்குப் பிழை. அதற்காக அனுப்பாமல் இருக்கத் தேவையில்லை. இரவு எத்தனை மணிக்குக் கேபினுக்கு வர வேண்டும், யார் கேபினுக்கும் தனியாகப் போகக்கூடாது என்ற இரண்டையும் ஏறும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். பெண்ணுக்கு ஒரு சட்டம், பையனுக்கு ஒரு சட்டம் என்று வைத்தால் அங்கேயே சண்டை வரும்.

கடைசியாக போன். பிள்ளை அழுதால் கிளப்பிலிருந்து உங்களைத்தான் கூப்பிடுவார்கள். நடுக்கடலில் நம் ஊர் சிம் எடுக்காது. எடுத்தால் இன்னும் மோசம், கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பில் ரோமிங் கட்டணம் எகிறிவிடும். கப்பலின் ஆப்பை ஊரிலிருக்கும்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏறியதும் போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டு, வைஃபையை மட்டும் திறந்து வையுங்கள். எந்த வழியில் கூப்பிடுவார்கள் என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். ஆப்பில் வரும் என்றால், பாட்டியின் போனிலும் அதை ஏற்றிக் கொடுத்துவிடுங்கள்.