சுகர் உள்ளவர்கள் வீட்டிலேயே பாதத்தைப் பார்ப்பது எப்படி: கடற்கரைக்காரர்களுக்கு ஒரு செய்முறை

கருவேல முள் குத்தியதும் காலை வெடுக்கென்று தூக்குகிறோமே, அந்த வலிதான் காலுக்குக் காவல். பல வருடமாகச் சுகர் இருக்கிற பலருக்கு அந்த வலி வருவதில்லை. முள் செருப்பைத் துளைத்துப் பாதத்துக்குள் ஒடிந்து நிற்கும். அதோடு நாலு நாள் நடந்து, சாக்கடை வாடை அடித்த பிறகுதான் விஷயம் தெரியவரும்.

ரத்தத்தில் சர்க்கரை தொடர்ந்து கூடுதலாக இருந்தால் நரம்பு இழைகளும், அவற்றுக்கு ரத்தம் கொண்டுபோகிற மெல்லிய குழாய்களும் கெடுகின்றன. நீளமான நரம்புதான் முதலில் அடிபடும். அதனால் உணர்வுக் குறைவு கால்விரல் நுனியில் தொடங்கி, காலுறை போட்ட மாதிரி மேலே ஏறும். சிலருக்கு ராத்திரியில் எரிச்சல், மதமதப்பு, பஞ்சுமேல் நடப்பது போன்ற உணர்வு இருக்கும். சிலருக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. எங்கள் கவலையெல்லாம் இந்த இரண்டாம் வகை ஆட்களைப் பற்றித்தான். வலிக்காத காலுக்காக யாரும் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பதில்லை.

தினமும் ராத்திரி ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு டார்ச், ஒரு கைக்கண்ணாடி, பழைய பருத்தித் துணி, தேங்காய் எண்ணெய் அல்லது வாசலின் போதும்.

முதலில் கழுவுதல். வெதுவெதுப்பான தண்ணீர், சோப்பு. சூட்டைக் காலை வைத்துப் பார்க்கவே கூடாது. முழங்கையை நனைத்துப் பாருங்கள், அல்லது வீட்டில் சுகர் இல்லாத ஒருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உப்புப் போட்டுக் காலை ஊறவைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஊறிய தோல் வெளுத்து, சீக்கிரம் கிழியும். கழுவியதும் விரலிடுக்குகளில் துணியை நுழைத்து ஈரத்தை ஒற்றி எடுங்கள்.

அடுத்து பார்த்தல். தரையில் கண்ணாடியை வைத்து அதன்மேல் பாதத்தைக் காட்டுங்கள். குனிய முடியாவிட்டால் பேரப்பிள்ளையை விட்டு போனில் படம் எடுக்கச் சொல்லலாம். குதிகாலில் தொடங்குங்கள். வியர்வையைச் சுரக்கவைக்கிற நரம்பும் கெட்டுப்போவதால் தோல் காய்ந்து பித்தவெடிப்பு விழும். டார்ச் அடித்து வெடிப்பை லேசாக விரித்துப் பாருங்கள்: சாம்பல் நிறத்தில் மணல் அடைந்திருக்கும், சிலவற்றில் அடியில் செக்கச்செவேலென்று சதை தெரியும். சதை தெரிந்தால் அது புண். வெறும் வெடிப்பு என்று விடாதீர்கள். பிறகு விரலடி, நகவோரம். கடைசியாக நாலாவது, ஐந்தாவது விரலுக்கு நடுவே. சேற்றுப்புண் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். பார்த்து முடித்ததும் காய்ந்த தோலில் எண்ணெய் தடவுங்கள், விரலிடுக்கில் மட்டும் வேண்டாம்.

புறங்கையால் சூடு பார்த்தல். இரண்டு பாதத்திலும் ஒரே இடத்தை மாற்றி மாற்றித் தொடுங்கள். ஒன்று மட்டும் சூடாகவும் வீங்கியும் சிவந்தும் இருந்தால், புண் இல்லாவிட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். உள்ளே எலும்பு நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். அந்தக் காலை ஊன்றாதீர்கள்.

மாதம் ஒருமுறை இன்னொரு சோதனை. இப்ஸ்விச் தொடு சோதனை என்று பெயர், கருவி எதுவும் வேண்டாம். சுகர் உள்ளவர் கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளட்டும். இன்னொருவர் ஆள்காட்டி விரல் நுனியால் இரண்டு பாதத்திலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒன்றிரண்டு நொடி மெல்லத் தொட வேண்டும். தொட்டது தெரிந்ததும் "வலது", "இடது" என்று சொல்ல வேண்டும். பலரும் இங்கேதான் தப்பு செய்கிறார்கள்: பதில் வரவில்லை என்று அழுத்துவார்கள், மறுபடி தொடுவார்கள். அழுத்தம் வேறு நரம்பு வழியாகத் தெரிந்துவிடும், சோதனை வீண். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்வு குறைந்துவிட்டது என்று பொருள்.

இனி செருப்பு. வீட்டுக்குள்ளும் போட வேண்டும். இரண்டு வார் ரப்பர் செருப்பு கழன்று விழுந்தாலே இவர்களுக்குத் தெரியாது. பின்வார் உள்ள எம்.சி.ஆர் (மெத்தென்ற ரப்பர் அடி வைத்த) செருப்பு நல்லது. புதிதாக வாங்குவதானால் சாயங்காலம் வாங்குங்கள், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரம் அது. போடுமுன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையைவிட்டுத் தடவுங்கள்.

பாம்பன், மண்டபம் பக்கம் பாசி எடுக்கப் போகிறவர்களும் கரைவலை இழுப்பவர்களும் வெறுங்காலோடு தண்ணீரில் இறங்கவே கூடாது. பாறையில் ஒட்டியிருக்கும் கொட்டலசும் சிப்பியும் பிளேடு மாதிரி கிழிக்கும். விரலை மூடிய, அடி கெட்டியான ரப்பர் ஷூ போடுங்கள். கரையேறியதும் கழற்றிக் காலைக் காயவையுங்கள். ராமேஸ்வரம் கோயிலுக்கு வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். மத்தியானக் கல்தரையில் கொப்புளம் போட்டது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். 22 தீர்த்தமும் ஆடி முடிக்கும்வரை கால் ஈரத்திலேயே இருக்கும், அதனால் வெளியே வந்ததும் விரலிடுக்கைத் துடையுங்கள்.

கால் ஆணியை பிளேடால் சீவுவதும், ஆணி பிளாஸ்டர் ஒட்டுவதும் வேண்டாம். பிளாஸ்டரில் இருக்கும் அமிலம் நல்ல தோலையும் அரிக்கும். சுண்ணாம்பு, காப்பித்தூள், மண்ணெண்ணெய் எதையும் புண்ணில் வைக்காதீர்கள். நல்ல தண்ணீரில் கழுவி, சுத்தமான காஸ் துணியால் மூடி, டாக்டரிடம் காட்டுங்கள். டி.டி ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்பதையும் சொல்லுங்கள்.

வருடம் ஒருமுறை ஆஸ்பத்திரியில் 10 கிராம் மோனோஃபிலமென்ட் சோதனையும் (மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பது) 128 ஹெர்ட்ஸ் அதிர்வுக்கவைச் சோதனையும் (அதிரும் கவையைக் காலில் வைத்துப் பார்ப்பது) கேட்டுச் செய்துகொள்ளுங்கள். பல வருடமாக மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை சாப்பிடுபவர்கள் வைட்டமின் பி12 அளவும் பார்க்க வேண்டும். அந்த மாத்திரை பி12-ஐக் குறைக்கும், பி12 குறைந்தாலும் இதே மதமதப்பு வரும். எரிச்சலுக்கு நல்ல மாத்திரைகள் உண்டு, ஆனால் அவை மரத்த உணர்வைத் திருப்பித் தராது. எரிச்சல் அடங்கிவிட்டது என்று ராத்திரிச் சோதனையை நிறுத்திவிடாதீர்கள்.

புண் கறுத்தால், நாறினால், சிவப்பு மேலே ஏறினால், காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கடல் தண்ணீரில் பட்ட காயம் சில மணி நேரத்தில் வீங்கிக் கொப்புளம் போட்டாலும் அப்படித்தான். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, பக்கத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கோ உடனே போய், முதல் வார்த்தையாக இதைச் சொல்லுங்கள்: "சுகர் இருக்கு, காலில் உணர்வு இல்லை, கடல் தண்ணியில் பட்ட காயம்."