வடசென்னைல பழைய பள்ளிக்கூடம் தேடிப் போறது எப்படி

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், வாசல் போர்டை நம்பாதீங்க. கேட்ல புது ஃபிளெக்ஸ் தொங்கும், சுவர்ல பளபளன்னு பெயின்ட் இருக்கும், ஆனா பின்பக்கம் நூறு வருஷத்துக்கு மேல ஆன கட்டடம் ஒண்ணு வேப்பமரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சிட்டு நிக்கும். இதுக்கு நேர் மாறாவும் நடக்கும், வளைவுல பெருசா ஆயிரத்து எண்ணூத்திச் சொச்சம் வருஷம் போட்டிருப்பாங்க, உள்ள எட்டிப் பாத்தா எழுபதுல கட்டின கான்கிரீட் பொட்டி. பள்ளிக்கூடத்தோட வயசு வேற, கட்டடத்தோட வயசு வேற. இந்த வித்தியாசம் தெரியாம நான் ரெண்டு ஞாயித்துக்கிழமை வேஸ்ட் பண்ணிருக்கேன்.

கண்ணு பழகணும்னா பாரிமுனைல ஆரம்பிங்க. ஹைகோர்ட் மெட்ரோல இறங்கி என்எஸ்சி போஸ் ரோட்டுக்கு வாங்க, ஞாயித்துக்கிழமை காலைல, கடை தொறக்கறதுக்கு முன்னாடி. ஷட்டர் எல்லாம் மூடியிருக்கிறப்போதான் பச்சையப்பன் ஹால் கண்ணுக்குப் படும், மத்த நாள்ல அந்தக் கூட்டத்துல கிரேக்கக் கோயில் மாதிரி தூண் வச்ச கட்டடம் ஒண்ணு நிக்குதுன்னு யாரும் நிமிர்ந்து பாக்கறதில்ல. 1850ல திறந்தது. பச்சையப்ப முதலியார் 1794லயே போயிட்டாரு, அவர் எழுதி வச்ச சொத்து பல வருஷம் கோர்ட்ல கிடந்து, கடைசில 1842லதான் பள்ளிக்கூடமா வந்துச்சு. கணித மேதை ராமானுஜன் பச்சையப்பன் காலேஜ்ல எஃப்ஏ (டிகிரிக்கு முன்னாடி படிக்கற அந்தக் காலத்துப் படிப்பு) படிச்சு கோட்டை விட்டதும் காலேஜ் இந்தப் பக்கம் இருந்த காலத்துலதான், சேத்துப்பட்டுக்குப் போனது 1940ல. அந்தத் தூண், உயரமான படி, சுவரோட தடிமன் எல்லாம் கண்ணுல ஏத்திக்கிட்டீங்கன்னா அப்புறம் சந்துக்குள்ள போறப்போ ஈஸியா இருக்கும்.

லிஸ்ட் வேணும்னு கேக்கறவங்களுக்கு, நீதிபதி பத்மநாபன் கமிட்டி போட்ட பட்டியல் ஒண்ணு இருக்கு, சென்னைல 467 பாரம்பரியக் கட்டடம். இதுல வேடிக்கை என்னன்னா இந்தக் கமிட்டியைப் போட வச்ச ஹைகோர்ட் கேஸ் நடந்தது விளம்பர ஹோர்டிங் பத்தி, அதுக்காக எண்ணப் போய் வந்த லிஸ்ட்தான் இது. 2010 தீர்ப்புக்கு அப்புறம் சிஎம்டிஏ, அதான் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், இதை வச்சுதான் வேலையை ஆரம்பிச்சுது. டவுன்லோட் பண்ணி ராயபுரம், ஜார்ஜ் டவுன் பக்கம் வர்றதை மட்டும் குறிச்சு வச்சுக்கோங்க. ஆனா சின்ன பள்ளிக்கூடம், தெருமுனை எலிமென்டரி ஸ்கூல் இதெல்லாம் லிஸ்டுல தேடிட்டு உக்காந்தா வேலைக்கு ஆகாது, அதுக்கு ஆளுங்களைத்தான் கேக்கணும்.

யாரைக் கேக்கறதுன்னா இஸ்திரி வண்டிக்காரரை. டீக்கடையை விட இவர் பெட்டர், நாற்பது வருஷமா ஒரே மரத்தடில நிப்பாரு. எப்படிக் கேக்கறோம்ங்கறதும் முக்கியம், நான் ஒரு தடவை பழைய வண்ணாரப்பேட்டைல "இங்க ஹெரிடேஜ் பில்டிங் எதுனா இருக்காண்ணே"ன்னு கேட்டேன், "இன்னாத்துக்கு கேக்குற, எடம் வாங்கப் போறியா"ன்னு திருப்பிக் கேட்டாரு. அடுத்த தெருல மாத்திக் கேட்டேன், "தாத்தா, நீங்க சின்ன வயசுல எங்க படிச்சீங்க?" அவ்ளோதான், பெட்டியை ஓரமா வச்சிட்டு கூடவே நடந்து வந்து காட்டினாரு. திண்ணைப் பள்ளிக்கூடம்னு ஒரு வார்த்தை போட்டுப் பாருங்க, வயசானவங்க முகமே மாறும். மணல்ல விரலால எழுதிப் பழகின கதை எல்லாம் வரும். இந்த மணல் விஷயம் சாதாரணம் இல்ல, ஆண்ட்ரூ பெல்னு ஒரு பாதிரியார் எழும்பூர்ல அனாதைப் பசங்க பள்ளியைப் பாத்துக்கிட்டப்போ, இந்த மணல் எழுத்தைப் பாத்துட்டுப் போய் அங்க புகுத்தினாரு, பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லித் தர்ற முறையும் சேத்து 1797ல லண்டன்ல புத்தகமாவே போட்டாரு. அதுக்குப் பேரே மெட்ராஸ் சிஸ்டம். ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர்ல இன்னிக்கும் மெட்ராஸ் காலேஜ்னு ஸ்கூல் ஒண்ணு நடக்குது.

சரி, கட்டடத்தைக் கண்டுபிடிச்சாச்சு. உள்ள போறது அடுத்த கஷ்டம். ஸ்கூல் நடக்கற நேரத்துல போகவே போகாதீங்க, புள்ளைங்களை போட்டோ எடுக்கற எண்ணமே வேணாம், வாட்ச்மேன் விரட்டினா அவர் செய்றது சரிதான். ஒரு பேப்பர்ல ஹெச்எம்முக்கு லெட்டர் எழுதி, பேர், போன் நம்பர், எந்த நாள், எவ்ளோ நேரம்னு போட்டு நேர்ல குடுங்க. சனிக்கிழமை மத்தியானம் கேளுங்க, பெரும்பாலும் கிடைக்கும். முன்னாள் மாணவர் ஒருத்தர் கூட வந்தா இன்னும் சுலபம்.

உள்ள போனதும் தலையைத் தூக்குங்க. மெட்ராஸ் டெர்ரஸ்னு சொல்ற பழைய காலத்து மொட்டைமாடிக் கூரைனா தேக்கு உத்தரம் வரிசையா ஓடும், அதுக்கு நடுவுல செங்கல்லைக் குத்துவாட்டுல, குறுக்கா சாய்வா அடுக்கியிருப்பாங்க. அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி நாள் கணக்கா கட்டையால அடிச்சுக் கெட்டிப்படுத்தி, அதுக்கும் மேல தட்டையான ஓடு பதிச்சிருப்பாங்க. அந்தச் சாய்வு செங்கல் தெரிஞ்சா உங்க ட்ரிப் வீண் போகல.

புதுப்பிச்சதுன்னு சொன்னாங்கன்னா எதை வச்சுப் புதுப்பிச்சாங்கன்னு பாருங்க. சுண்ணாம்போட கடுக்காயும் வெல்லமும் ஊற வச்ச தண்ணி சேத்துப் பூசின சுவர் லேசா மங்கலா, தொட்டா ஜில்லுனு இருக்கும், ஈரத்தை வெளிய விடும். சிமென்ட் பூசினா ஈரம் உள்ளயே மாட்டிக்கும். கடல் பக்கத்துல இருக்கோம், உப்பு சும்மா இருக்குமா. நான் பாத்த ஒரு ஸ்கூல்ல, பேர் வேணாம், பழைய பூச்சை மொத்தமா சுரண்டிட்டு சிமென்ட் அடிச்சு விழா எல்லாம் நடத்தினாங்க, ரெண்டு மழைக்காலத்துல அடியில உப்பு பூத்து அப்பளம் மாதிரி உரிஞ்சு விழுந்துச்சு. காசு குடுத்த பழைய மாணவங்களை நெனச்சாதான் வயிறு எரியுது.

அந்த இஸ்திரி தாத்தா காட்டின பள்ளிக்கூடம் வேற ரகம். ரெண்டே ரூம், ஒரு தாழ்வாரம், அவ்ளோதான், ஆனா அவசரப்படாம சுண்ணாம்புலயே செஞ்சிருந்தாங்க. வெள்ளையைச் சுரண்டறப்போ சுவர்லயே பூசின பழைய கரும்பலகை கிடைச்சிருக்கு, அதை மட்டும் மூடாம விட்டுட்டாங்க. அடுப்புக்கரியும் கோவை இலையும் அரைச்சு லீடர் பசங்க வெள்ளிக்கிழமை சாயந்திரம் தேய்ப்பாங்களாம், தாத்தாவும் தேய்ச்சிருக்காரு. இப்பவும் அதையே அரைச்சுத்தான் பூசறாங்க. பாக்கப் போனீங்கன்னா வெள்ளைச் சட்டை போட்டுட்டுப் போய் அதுல சாயாதீங்க, என் சட்டைல பட்ட கறை நாலு சலவைக்கு அப்புறமும் போகல. தாத்தாகிட்டயே இஸ்திரிக்குக் குடுத்தேன், பாத்துட்டு சிரிச்சிட்டே மடிச்சுக் குடுத்தாரு, காசு வாங்கல.