வடசென்னையை ஒரு நாளில் நடந்து பார்ப்பது எப்படி? முதல் தடவை வருகிறவர்களுக்கு

சென்னைக்கு வருகிறவர்கள் மெரினா, மயிலாப்பூர், தி.நகர் என்று முடித்துக்கொண்டு வண்டி ஏறிவிடுகிறார்கள். பாரிமுனைக்கு வடக்கே என்ன இருக்கிறது என்று கேட்டால் பாதிப் பேருக்குச் சினிமாவில் பார்த்ததுதான் தெரியும். சரி, ஒரு நாள் ஒதுக்குங்கள். இது சுற்றுலாவுக்காக அலங்கரித்து வைத்த இடம் இல்லை, ஊர் தன் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருக்கும் இடம். அதனால் எங்கே போவது என்பதைவிட எத்தனை மணிக்குப் போவது என்பதுதான் முக்கியம்.

முதலில் நாள் பாருங்கள். டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் வந்தால் வெயில் கொஞ்சம் இரக்கம் காட்டும். மே மாதம் வேண்டவே வேண்டாம். வெயில் ஒரு பக்கம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இன்னொரு பக்கம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, காசிமேடு மீன்பிடித் துறைமுகம் களையிழந்து கிடக்கும். கிழமையில் சனிதான் என் சிபாரிசு. ஞாயிறு காசிமேட்டில் கால் வைக்க இடம் இருக்காது, மண்ணடிப் பக்கம் பாதிக் கடை மூடியிருக்கும்.

காலில் ரப்பர் செருப்பு. நான் முதல் தடவை புது கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு போய், ஐஸ் தண்ணியும் மீன் தண்ணியும் உள்ளே இறங்கி, அதை வெயிலில் மூன்று நாள் காயவைத்தும் வீட்டுப் பூனை அதை விட்டு நகரவில்லை. சில்லறை, தொப்பி, ஒரு லிட்டர் தண்ணீர். அவ்வளவுதான் மூட்டை.

காலை ஐந்து மணி: காசிமேடு. இருட்டோடு போய்விடுங்கள். படகிலிருந்து கூடை கூடையாக இறங்கும், இறங்கிய இடத்திலேயே ஏலம் நடக்கும், விலை ஏறும் வேகத்துக்கு நமக்குக் காது பழகவே பத்து நிமிடம் ஆகும். ஓரமாக நில்லுங்கள். ஐஸ் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர் "ஓரம், ஓரம்" என்று கத்தினால் அது உங்களுக்குத்தான். திரும்பிப் பார்க்காதீர்கள், முதலில் நகருங்கள். ஏலக்காரர்களைத் தாண்டினால் அக்காக்கள் சங்கரா, நெத்திலி, காரப்பொடி, கடம்பா எல்லாம் கூறு கட்டி வைத்திருப்பார்கள். படம் எடுப்பதற்கு முன் "எடுத்துக்கவா அக்கா?" என்று ஒரு வார்த்தை. என்னிடம் ஒரு அம்மா கேட்டது: "இன்னா நைனா, வாங்க வந்தியா, வேடிக்கை பாக்க வந்தியா?" வேடிக்கைதான் என்றேன். சிரித்துவிட்டு, செவுளைத் தூக்கிக் காட்டி, ரத்தச் சிவப்பாக இருந்தால் வாங்கு, வெளுத்திருந்தால் நடையைக் கட்டு என்று பாடம் எடுத்துத்தான் அனுப்பினார்.

ஏழு மணி: ராயபுரம். ஷேர் ஆட்டோ பிடித்து ராயபுரம் ரயில் நிலையம் போங்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலையில் இங்கிருந்துதான் ஆற்காட்டுப் பக்கம் கிளம்பியது. தூண் வைத்த அந்தப் பழைய கட்டடம் இன்னும் நிற்கிறது, ரயிலும் நிற்கிறது. அப்புறம் ராபின்சன் பூங்கா. 1949 செப்டம்பரில் கொட்டுகிற மழையில் தி.மு.க. தொடக்கக் கூட்டம் நடந்த இடம். நாஷ்டாவுக்குப் பெரிய ஓட்டல் தேடாதீர்கள், கூட்டம் நிற்கிற தள்ளுவண்டியில் இட்லியும் வடைகறியும் போதும்.

ஒன்பது மணிக்குள் மெட்ரோ. தியாகராயா கல்லூரி நிலையத்தில் ஏறினால் தண்டையார்ப்பேட்டை தாண்டியதும் ரயில் மண்ணுக்குள்ளிருந்து மேலே வரும். மொட்டைமாடி மொட்டைமாடியாகக் காயும் துணிகளைப் பார்த்துக்கொண்டே திருவொற்றியூர் தேரடியில் இறங்குங்கள். தியாகராஜ சுவாமி கோயில் மதியம் நடை சாத்திவிடும், அதனால்தான் இந்த அவசரம். மூலவர் புற்று வடிவம், வருடம் முழுக்கக் கவசத்தோடு இருப்பார், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் களைவார்கள். பார்க்க வேண்டியது மகிழ மரம். "உன்னைப் பிரிய மாட்டேன்" என்று, தான் மணக்கவிருந்த சங்கிலியாருக்குச் சன்னதியில் சத்தியம் செய்ய வேண்டிய சுந்தரர், சாமியிடமே போய், அந்த நேரம் மட்டும் நீர் மகிழடிக்குப் போய்விடும் என்று கேட்டுக்கொண்டார். சாமி அதைச் சங்கிலியார் பக்கம் போட்டுக்கொடுத்துவிட, அவர் மரத்தடியிலேயே சத்தியம் செய்யச் சொல்லிவிட்டார். அதை மீறி ஊரைத் தாண்டியதும் சுந்தரருக்குக் கண் போயிற்று. இந்தக் கதை தெரிந்து அந்த நிழலில் பத்து நிமிடம் உட்காருங்கள். நேரம் மிச்சமிருந்தால் கடற்கரைப் பக்கம் பட்டினத்தார் சமாதி.

பன்னிரண்டு முதல் நாலு வரை நடக்காதீர்கள். அறைக்குப் போய்த் தூங்குங்கள். உள்ளூர்க்காரர்களே நிழல் தேடும் நேரம், நீங்கள் எதற்கு வீரம் காட்ட வேண்டும்?

மாலை: மண்ணடி. மெட்ரோவில் மண்ணடியில் இறங்கி, தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாளைக் கும்பிட்டுவிட்டு (1677-இல் சத்ரபதி சிவாஜி வந்து போனதாகச் சொல்வார்கள்) கடற்கரை ரயில் நிலையம் பக்கம் நடங்கள். அங்கே பர்மாவிலிருந்து 1960-களில் திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ கிடைக்கும். ஆரஞ்சு நிற நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணி, பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள், மேலே நொறுக்கிய பேஜோ என்கிற மொறுமொறு வறுவல். எல்லாவற்றையும் கண்ணெதிரே கையாலேயே பிசைந்து தருவார்கள். காரம் குறைவாக என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள், பிசைந்த பிறகு சொல்லிப் பயனில்லை. கூடவே வாழைத்தண்டு சூப், கேட்டால் இன்னொரு கரண்டி ஊற்றுவார்கள்.

சாப்பிட்டுவிட்டு எதிரே நிலையத்துக்குள் போனால் தாம்பரம் வண்டி அங்கிருந்தே கிளம்புகிறது. கால் நீட்டி உட்கார ஜன்னலோர இடமே கிடைக்கும்.