மேடை விளக்குக்குப் பெரிய அக்ரிலிக் லென்ஸ்: ஹாட் பிரஸ்ஸில் செய்வது எப்படி?

"அக்ரிலிக் ஷீட்டைச் சூடாக்கி வாணலி மாதிரிக் குழித்துவிட்டால் லென்ஸ் ஆகிவிடுமா?" இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். ஆகாது. குழிக்கும்போது ஷீட்டின் இரண்டு முகமும் சேர்ந்தே வளைகின்றன, கனம் எங்கும் ஏறக்குறைய ஒன்றாகவே நிற்கிறது. நடு தடித்து ஓரம் மெலிந்தால்தான் ஒளி குவியும். குழித்த ஷீட் நல்ல மூடியாக இருக்கும், அவ்வளவுதான்.

சரி, எவ்வளவு தடிக்க வேண்டும்? அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் 1.49. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் மேடு என்றால், வளைவின் ஆரம் குவியத் தூரத்தில் 0.49 பங்கு. 200 மி.மீ. விட்டமும் 300 மி.மீ. குவியத் தூரமும் வேண்டுமென்றால் ஆரம் 147 மி.மீ. மேடு மட்டும் 39 மி.மீ. எழும்பும். ஓரக் கனம் 4 மி.மீ. சேர்த்தால் நடுவில் 43 மி.மீ., எடை 920 கிராம்.

எடையைக்கூடச் சமாளிக்கலாம், ஆறுவதுதான் தொல்லை. கனம் இரட்டித்தால் ஆறும் நேரம் நான்கு மடங்காகும். வெளித்தோல் இறுகிய பிறகும் உள்ளே கொதிப்பு அடங்காது. அது மெல்லச் சுருங்கும்போது மேலே பள்ளம் விழும், இல்லையேல் உள்ளே வெற்றுக்குமிழ் தோன்றும். பெரிய ஆலைகளில் இதை அடுக்கடுக்காக ஊற்றிச் சமாளிக்கிறார்கள். நமக்கு வேறு வழி வேண்டும்.

அந்த வழியைப் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிரெனல் 200 ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார். 1823-இல் பிரான்ஸின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் ஏறிய அவருடைய லென்ஸில், ஒளியைத் திருப்பாத உள்கனம் கழிந்து, வளைந்த மேற்பரப்பு மட்டும் வளையம் வளையமாக நின்றது. மேடையில் 'ஃபிரெனல்' என்று கூப்பிடும் விளக்கில் இருப்பதும் அதே லென்ஸ்தான். ஹாலஜன் பல்பின் சூட்டுக்குக் கண்ணாடிதான் தாங்கும். எல்இடி வந்த பிறகு, ஒளிக்கற்றையோடு வரும் வெப்பம் குறைந்ததால் அக்ரிலிக்குக்கும் இடம் கிடைத்தது. 4 மி.மீ. ஷீட்டில் அதே 200 மி.மீ. லென்ஸ் 150 கிராம்தான். அந்த வளைய வரிகளை ஹாட் பிரஸ்ஸில், அதாவது இரண்டு சூடான தட்டுக்கு நடுவே வைத்து அழுத்தும் இயந்திரத்தில், ஷீட்டின் மேல் பதிக்கப் போகிறோம்.

1. ஷீட்

காஸ்ட் ஷீட் (ஊற்றி இறுகவைத்தது) உசத்தி என்று கடைக்காரர் சொல்வார். பலகை எழுதவும் மீன்தொட்டி செய்யவும் அது உண்மைதான். வரி பதிக்க எக்ஸ்ட்ரூடட் ஷீட் (உருக்கிப் பிதுக்கி எடுத்தது) வாங்குங்கள். அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் குட்டையானவை, சூட்டில் எளிதாக ஓடி, மோல்டின், அதாவது வரி வெட்டிய அச்சின், மூலைமுடுக்கில் இறங்கும். காஸ்ட் ஷீட் ரப்பர் மாதிரி அடம்பிடித்து, மறுபடி சூடு படும்போது பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும்.

210 மி.மீ. வட்டமாக வெட்டி, காப்பு ஃபிலிமை உரித்து, 80 டிகிரி ஓவனில் இரவு முழுக்க வையுங்கள். அக்ரிலிக் ஈரம் குடிக்கும். மழைக்காலத்தில் இந்த வேலையைத் தாண்டிக் குதித்தால், பிரஸ்ஸில் பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பும்.

2. மோல்டு

இதை நீங்கள் செய்ய வேண்டாம். நிக்கல் முலாம் பூசிய எஃகுத் தட்டில், கணினி ஓட்டும் சிஎன்சி லேத்தில், வைர முனையால் வரி வெட்டித் தருபவரிடம் கொடுங்கள். பளபளப்பு அந்த முனையிலிருந்தே வர வேண்டும். பிறகு பஃப் போட்டு மினுக்கலாம் என்று நினைத்தால் வரியின் கூர் மழுங்கி, ஒவ்வொரு வளையத்திலும் ஒளி சிதறும். ஒளியைத் திருப்பாத செங்குத்துச் சுவருக்கு 2 அல்லது 3 டிகிரி சாய்வு கேளுங்கள், லென்ஸ் சிக்காமல் கழன்று வரும்.

ஷீட்டின் மறுபக்கத்தை அழுத்தும் எதிர்த் தட்டு வழவழப்பாக இருக்கக் கூடாது. மேடை ஃபிரெனலின் தட்டைப் பக்கத்தில் சொரசொரப்பு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். விளக்கின் உருவம் மேடையில் விழாமல் கலைப்பதும், வெளிச்சத்தின் ஓரத்தை மென்மையாக்குவதும் அதுதான். எதிர்த் தட்டை லேசாக மணல் பீய்ச்சி எடுத்தால் போதும். ஆரம்பக்காரர்களின் சின்னச் சின்னக் குறைகளையும் அது மறைத்துவிடும்.

3. அழுத்துவது

இரண்டு தட்டும் 160 டிகிரிக்கு வந்ததும் ஷீட்டை வைத்து, தட்டுகள் சும்மா தொடும் அளவுக்கு மூடுங்கள். ஐந்து நிமிடம் பொறுத்து அழுத்தத்தை மெல்ல ஏற்றுங்கள். இந்த அளவுக்குப் பத்து டன் பிரஸ் ஆரம்பத்துக்குப் போதும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வரிகள் மூடிய வட்டங்கள், உள்ளே மாட்டிய காற்றுக்கு வெளியேற வாசல் இல்லை. அகப்பட்ட இடத்தில் வரியின் முனை நிரம்பாமல் மொட்டையாக நிற்கும். ஷீட்டை நடு சற்றே புடைத்தபடி சூடாக்கி வைத்தால் நடு முதலில் தொடும், அப்புறம் காற்று ஓரத்தை நோக்கித் தள்ளப்படும். அவசரப்பட்டு மூடினால் இதனால் பயனில்லை.

4. ஆற விடுவது

லென்ஸ் உருவாவது இங்கேதான். அழுத்தத்தைக் குறைக்காமல் ஹீட்டரை அணையுங்கள். அக்ரிலிக் 105 டிகிரி வாக்கில் இறுகும். அதைத் தாண்டும்போது மேல் தட்டும் கீழ்த் தட்டும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் லென்ஸ் அப்பளம் போல் நெளியும்.

எப்போது திறப்பது? அக்ரிலிக் எஃகைவிட ஆறு மடங்கு சுருங்கும். 105 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு வருவதற்குள் 200 மி.மீ. லென்ஸ் மோல்டைவிட 0.9 மி.மீ. குறுகிவிடும். அத்தனையும் வரிச் சுவர்களை இழுத்துக்கொண்டே நடக்கிறது. ஓர வரிகள் சிராய்த்துப்போகும். 75 டிகிரியில் திறந்தால் இழுபறி பாதிக்கும் கீழே நிற்கும். மரக்கத்தியை ஓரத்தில் செருகி மெல்ல நெம்புங்கள், திருகக் கூடாது.

5. ஓரம் வெட்டுவது, துடைப்பது

என் முதல் நல்ல லென்ஸை நான் கெடுத்தது இங்கேதான். ஓரத்தை லேசரில் வெட்டினேன், கண்ணாடி மாதிரி மின்னியது. விரல் ரேகை போக ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். சிறிது நேரத்தில் ஓரத்திலிருந்து மயிரிழை விரிசல்கள் சிலந்திவலையாகக் கிளம்பின. லேசர் சூட்டில் ஓரத்தில் இறுக்கம் உறைந்திருந்தது, ஸ்பிரிட் அதைத் திறந்துவிட்டது. இப்போது வெட்டியதும் 80 டிகிரியில் சில மணி நேரம் ஓவனில் வைத்து, ஓவனோடு சேர்த்தே ஆற விடுகிறேன். துடைக்கத் தண்ணீரும் துளி சோப்பும்தான். ஓரத் துண்டு ஒன்றில் மட்டும் வேண்டுமென்றே ஸ்பிரிட் சொட்டிப் பார்ப்பேன். விரிசல் வந்தால் அந்தத் தொகுதி மறுபடி ஓவனுக்குப் போகும்.

6. விளக்கில் பொருத்துவது

சொரசொரப் பக்கம் எல்இடியைப் பார்க்க வேண்டும், வரிப் பக்கம் மேடையைப் பார்க்க வேண்டும். சூடு 40 டிகிரி ஏறினால் லென்ஸ் அரை மி.மீ.க்கு மேல் விரியும். அதனால் சுற்றிலும் ஒரு மி.மீ. இடைவெளி விட்டு, சிலிக்கான் வளையத்தில் உட்கார வையுங்கள், ஸ்க்ரூ போட்டு இறுக்காதீர்கள். ஹாலஜன் விளக்கில் மாட்டவே கூடாது, லென்ஸ் இளகித் தொங்கும், தீயும் பிடிக்கும்.

இன்னொன்று. செய்து முடித்த லென்ஸை ஜன்னலோரம் வைக்காதீர்கள், துணி போட்டு மூடி வையுங்கள். என் பட்டறை மேசையில் கருகிய கோடு ஒன்று இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் போய்வந்த நேரத்தில் சூரியன் நகர்ந்த தடம் அது.