ஆட்டோமேட்டிக் காரை நியூட்ரல் வழியாக இயக்குவதும் அணைப்பதும்: புதிதாகப் பழகுவோருக்கு

நாற்பது ஆண்டுகளாகக் கிளட்ச் வண்டி மட்டுமே ஓட்டிய என் மாமனார், பெருந்துறை வீட்டு வாசலில் புதிய ஆட்டோமேட்டிக் காரில் முதன்முறை அமர்ந்தபோது கேட்ட கேள்வி இதுதான்: "ஏனம்மிணி, கிளட்சே இல்லாத வண்டிக்கு நியூட்ரல் எதுக்கு?" அன்று அவருக்கு நான் சொன்னதையும், பின்னர் சென்னிமலைச் சரிவில் இருவரும் சேர்ந்து கற்றதையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் உங்கள் வண்டி எந்த வகை என்பதைக் கியர் லீவரின் அருகில் உள்ள எழுத்துகளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். பி (பார்க், நிறுத்தி வைக்க), ஆர் (ரிவர்ஸ்), என் (நியூட்ரல்), டி (டிரைவ், முன்னே ஓட்ட) என நான்கும் இருந்தால் அது பெரும்பாலும் டார்க் கன்வெர்ட்டர் (எண்ணெய் வழியாக எஞ்சினின் சுழற்சியைக் கடத்துவது), சி.வி.டி. (படிகளில்லாத கியர்பெட்டி) அல்லது இரட்டைக் கிளட்ச் வகையாக இருக்கும். ஆர், என், டி மட்டும் இருந்து 'பி' இல்லாவிட்டால், அது பெரும்பாலும் ஏ.எம்.டி. எனப்படும் வகை. 2014-இல் மாருதி செலேரியோவுடன் இந்தியாவுக்கு வந்த இவ்வகையில், சாதாரணக் கியர்பெட்டிதான் உள்ளே இருக்கிறது. கிளட்சை மிதிப்பதையும் கியரை மாற்றுவதையும் மட்டும் ஒரு கருவி செய்கிறது. எனவே பெரும்பாலான ஏ.எம்.டி. வண்டிகளை நியூட்ரலில்தான் இயக்க வேண்டும். 'பி' உள்ள வண்டியைப் 'பி', 'என்' ஆகிய இரண்டில் எதில் வைத்தும் இயக்கலாம். அதில் வேறு கியரில் ஸ்டார்ட்டர் சுழலாது.

இயக்கும் முறை

இடது காலை முழுவதுமாக ஓரத்தில் ஒதுக்கி வையுங்கள். கிளட்ச் வண்டி ஓட்டிப் பழகியவரின் இடது கால் தானாகவே கிளட்சைத் தேடிச் சென்று, அகலமான பிரேக் மிதியை ஒரே அழுத்தாக அழுத்திவிடும். மாமாவுக்கு முதல் இரண்டு நாள்கள் இதுவே பெரும் பாடாக இருந்தது. காலணியின் குதிகாலை இருக்கையோடு ஒட்டி வைத்துக்கொண்ட பிறகுதான் அந்தப் பழக்கம் விட்டது.

ஹேண்ட் பிரேக் போடப்பட்டுள்ளதைக் கையால் தொட்டு உறுதிசெய்த பின், வலது காலால் பிரேக்கை நன்றாக மிதித்துச் சாவியைத் திருப்புங்கள் அல்லது பொத்தானை அழுத்துங்கள். பிரேக்கை மிதிக்காமல் பொத்தானை அழுத்தினால் விளக்குகளும் பாட்டும் வருமே தவிர எஞ்சின் எழும்பாது; பேட்டரி போய்விட்டது என்று பதற வேண்டியதில்லை. எஞ்சின் சத்தம் தணிந்து சீரானதும், பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலேயே லீவரை 'டி'க்குக் கொண்டு வந்து, ஹேண்ட் பிரேக்கைக் கடைசியாக விடுவியுங்கள். 'பி'யிலிருந்து 'என்'னுக்கு வரும் வழியில் லீவர் 'ஆர்' என்ற ரிவர்சைக் கடந்தே வர வேண்டியிருப்பதால், அந்த ஒரு நொடியில் கால் தளர்ந்தாலும் வண்டி பின்னோக்கி நகரக்கூடும். வாசலில் வண்டிக்குப் பின்னால் குழந்தைகள் விளையாடும் வீடுகளில் இதை மிகுந்த கவனத்துடன் செய்யுங்கள்.

அணைக்கும் முறை

நான் அதிகம் சொல்ல விரும்புவது இந்தப் பகுதியில்தான். சென்னிமலை மேல் வண்டி நிறுத்துமிடத்தில் மாமா பிரேக்கை மிதித்து நிறுத்தி, நேராகப் 'பி'யில் போட்டுக் காலை எடுத்தார். வண்டி நாலு விரற்கடை பின்னுக்குச் சாய்ந்து நின்றது. அதன் பிறகே ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். முருகனைத் தரிசித்துவிட்டு வந்து லீவரை எடுக்க முயன்றபோது அது இறுகிக் கிடந்தது. வலிந்து இழுத்ததும் அடியிலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் எழுந்து, வண்டி முழுவதும் அதிர்ந்தது.

'பி'யில் போடும்போது, கியர்பெட்டிக்குள் பற்கள் கொண்ட ஒரு சக்கரத்தின் பள்ளத்தில் விரல் அளவேயான ஓர் இரும்புக் கொக்கி சென்று விழுகிறது. சரிவில் ஹேண்ட் பிரேக் இல்லாமல் காலை எடுத்தால், ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட வண்டியின் பாரம் அந்தக் கொக்கியின் மீது இறங்கிவிடுகிறது. அப்புறம் ஹேண்ட் பிரேக் போட்டாலும் அந்தப் பாரம் அங்கிருந்து நீங்குவதில்லை. நாங்கள் கேட்டது, பாரத்தோடு அந்தக் கொக்கி பிடுங்கப்பட்ட சத்தம்.

ஆகவே நியூட்ரலை இடையில் சேர்த்து இவ்வாறு செய்யுங்கள். பிரேக்கை மிதித்து வண்டியை முழுமையாக நிறுத்துங்கள். லீவரை 'என்'னுக்குத் தள்ளுங்கள். ஹேண்ட் பிரேக்கை இறுக இழுங்கள். இப்போது கால் பிரேக்கை மெல்லத் தளர்த்தினால், வண்டி இலேசாக அசைந்து தன் பாரத்தை ஹேண்ட் பிரேக்கின் மீது இறக்கிக்கொள்வதை இருக்கையிலேயே உணர்வீர்கள். அந்த அசைவு நின்றதும் மீண்டும் பிரேக்கை மிதித்து, 'பி'யில் போட்டு, எஞ்சினை அணையுங்கள். பாரம் முழுவதும் பிரேக்கில் இருப்பதால், திரும்ப எடுக்கும்போது லீவர் வெண்ணெயாக வரும்.

'பி' இல்லாத ஏ.எம்.டி. வண்டியில் ஹேண்ட் பிரேக்கே முதல் பிடிமானம். சரிவில் எந்தக் கியரில் விட்டு அணைக்க வேண்டும் என்பதை உங்கள் வண்டியின் கையேட்டைப் பார்த்து அப்படியே பின்பற்றுங்கள். சக்கரத்துக்கு ஒரு கல்லும் வையுங்கள்.

'பி' உள்ள வண்டியை நியூட்ரலிலேயே அணைத்துவிட்டு இறங்குவது கூடாது. பல வண்டிகளில் அப்போது சாவி வெளியே வராது. பொத்தான் வண்டிகள் பலவற்றில் மின்சாரம் முழுமையாக நிற்காமல் பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும். சமதளமாகத் தோன்றும் மண்டப வாசல்கூட மழைநீர் வடியச் சற்றுச் சரிவாகவே கட்டப்பட்டிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஓடும் வண்டியில் நியூட்ரல்

திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலோ, ஆழியாறுக்கும் வால்பாறைக்கும் இடையிலான 40 வளைவுகளிலோ இறங்கும்போது, எரிபொருளை மிச்சப்படுத்த எண்ணி நியூட்ரலில் விடாதீர்கள். எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிப்பது நின்று, முழுச் சுமையும் பிரேக்கின் மீது விழும். சூடேறிய பிரேக் ஒரு கட்டத்தில் பிடிக்காமல் போகும். 'எல்', '2' அல்லது கையால் மாற்றும் முறையில் தாழ்ந்த கியரில் இறங்குங்கள்.

ஓட்டத்திலேயே எஞ்சின் நின்றுவிட்டால் மட்டும் நியூட்ரல் உங்களைக் காப்பாற்றும். ஸ்டீயரிங் கனக்கும்; பிரேக்கும் ஓரிரு மிதிகளுக்குப் பின் கடினமாகும். பதறாமல் 'என்'னுக்கு மாற்றி மீண்டும் இயக்கிப் பாருங்கள். ஓடும்போது 'பி'யைத் தொடாதீர்கள். சாவியை ஸ்டீயரிங் பூட்டு விழும் நிலைவரை திருப்பவும் கூடாது.

பேட்டரி இறங்கிவிட்டால், பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்யும் நம் வழக்கம் டார்க் கன்வெர்ட்டர் வண்டியில் பலிக்காது. எஞ்சின் சுழன்றால்தான் கியர்பெட்டிக்குள் எண்ணெய் அழுத்தம் உண்டாகும். இன்னொரு வண்டியின் பேட்டரியோடு இணைக்கும் ஜம்பர் கேபிள் கொண்டே எழுப்ப வேண்டும். வண்டியை நகர்த்த மட்டும் வேண்டுமானால், பல கார்களில் லீவரின் அருகே சிறு மூடி ஒன்று இருக்கும். முதலில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, மூடியை நீக்கி உள்ளே சாவியால் அழுத்தினால் லீவர் 'என்'னுக்கு வரும்.